மீட்டர் சக்கை

டயரை மறைத்து வைக்கச் சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிவரை என்னை நல்லவள் என்று நினைத்துப் படித்துவிட்டு யாரும் ஏமாற வேண்டாம்.

கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுக்கும் கொட்டகை எங்களுடையது. அப்பா போகும்போது கொட்டகையை மகளுக்கும் அடுப்பை மகனுக்கும் எழுதிவைத்தார் என்று மற்ற கொட்டகைக்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலி என்றாலும் நடந்தது அதுதான். கரும்பு பேசி வாங்குவது, வியாபாரியோடு மல்லுக்கட்டுவது, ஆட்களை ஏசுவது எல்லாம் நான். சாறு கொதிக்கும் கொப்பரைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து அடுப்புக்குத் தீனி போடுவது என் தம்பி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று அவன் பெண்டாட்டியே இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுப்புக்குத் தீனி என்றால் சக்கை. சாறு பிழிந்த கரும்பின் சக்கையைக் களத்தில் காயப்போட்டு, காய்ந்ததும் வாரி வாரி அடுப்பு வாயில் தள்ள வேண்டும். நாலு நாள் வெயில் முகம் காட்டாவிட்டால் சக்கை காயாது. காயாத சக்கை எரியாது, புகையும். ஆனால் கரும்பு வெட்டி வந்து இறங்கிவிடும். பிழிந்த சாறு அரை நாள் தாங்காது, புளித்துவிடும். அப்போது கைகொடுப்பது பழைய டயர். லாரிப் பட்டறையில் தேய்ந்த டயரை வாங்கி வந்து, துண்டு போட்டு, ஈரச் சக்கையோடு சேர்த்துத் தள்ளினால் அடுப்பு பேய் மாதிரி எரியும். எங்கள் புகைபோக்கி குட்டை. பாதிப் புகை அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வரும். அதைப் பள்ளத்தில் இருப்பவன் குடிப்பான். பிய்ந்த செருப்பு, பிளாஸ்டிக் சாக்கு, கிழிந்த மெத்தை, எது கிடைத்தாலும் போட்டோம். பதினோரு கொட்டகையிலும் இதுதான் வழக்கம்.

பதினோரு கொட்டகைக்கும் ஒரு சங்கம் உண்டு. தலைவருக்கு இருப்பதிலேயே அகலமான கொப்பரையும் அதைவிட அகலமான வயிறும் இருந்ததால் அவரைப் பெரிய கொப்பரை என்றுதான் சொல்வோம், அவர் பக்கத்தில் இல்லாதபோது. நான் செயலாளர். கடிதம் எழுத வேறு யாருக்கும் பொறுமை இல்லை. வெள்ளைச் சர்க்கரை ஆலை கரும்பையெல்லாம் வளைத்துக்கொண்டிருந்தது. வியாபாரிகள் எங்கள் வெல்லத்தைக் கறுப்பு என்றும் கசடு என்றும் ஆறு மாதத்தில் இளகிவிடும் என்றும் ஒதுக்கினார்கள். இப்படியே போனால் எல்லோரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான் என்று தோன்றிய ஒரு நாளில், பல்கலைக்கழகத்துக்கு உதவி கேட்டு எழுதினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. வந்தது.

மூன்று வருட ஆராய்ச்சி ஒப்பந்தம். பல்கலைக்கழகம், ஒரு பெரிய மருத்துவமனை, எங்கள் சங்கம், மூவரும் கூட்டாளிகள். வெளுக்கும் மருந்து போடாமல் வெல்லத்தைப் பொன்னிறமாக எடுப்பது எப்படி, இளகாமல் ஒரு வருடம் வைப்பது எப்படி, எதில் சுற்றி விற்பது என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அடுப்புப் புகையை அளப்பார்கள். அளவு மீறியிருந்தால் உயரமான புகைபோக்கியோடு புது அடுப்பு கட்டித்தருவார்கள். புகையால் நோயாளியான ஆட்களை அந்த மருத்துவமனை கடைசிவரை பார்த்துக்கொள்ளும். பேராசிரியர் வந்து கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, கொடுத்த வெல்லக் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார். கடைசிப் பக்கத்தை நாங்கள் யாரும் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. முன்பு நாங்கள் பன்னிரண்டு கொட்டகை. ஒப்பந்தத்துக்கு முந்தைய வருடம் மாசு அதிகாரி என்று ஒருவர் பன்னிரண்டாவது கொட்டகைக்கு வந்தார். சிரித்த முகம். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நீங்க பாட்டுக்கு எப்பவும் போல வேலையைப் பாருங்க, நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றார். அவர்களும் நம்பி எப்பவும் போல டயரைப் போட்டார்கள். நாலாம் நாள் கதவில் அரக்கு முத்திரை. அந்தக் கொட்டகைக்காரர் இப்போது வேறு எங்கோ காவல்காரராக இருக்கிறார் என்று கேள்வி.

புகையை அளக்கப் பல்கலைக்கழகம் அனுப்பிய பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ஆராய்ச்சி மாணவி. அடுப்பில் நிற்பவன் இடுப்பில் ஒரு சின்ன மோட்டாரைக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயைச் சட்டைக் காலரில் கொண்டுவந்து குத்திவிடுவாள். குழாய் முனையில் வெள்ளைக் காகிதம் ஒன்று வட்டமாக இருக்கும். அவன் மூச்சில் என்ன போகிறதோ அது அந்தக் காகிதத்தில் படியும். காலையிலிருந்து எட்டு மணி நேரம். ஆட்கள் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அது தெரியும், கோபித்துக்கொள்ளவில்லை. முதல் நாள் வந்ததும் அவள் சொன்னாள்:

"எப்பவும் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க. நான் இருக்கறதையே மறந்துடுங்க."

அந்த அதிகாரியின் வார்த்தை அப்படியே இவள் வாயிலிருந்து வருகிறது. அவர் முத்திரை வைக்க வந்தவர், இவள் புது அடுப்பு கட்டிக் கொடுக்க வந்தவள் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. எங்களைப் பொறுத்தவரை நோட்டோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி.

அவளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. சொல்லாமல் வருவது மரியாதையில்லை என்று ஒரு வாரம் முன்பே போன் செய்துவிடுவாள். அது எங்களுக்குப் போதும். களத்தின் வெயில் விழும் மூலையில் நன்றாகக் காய்ந்த சக்கையாகப் பொறுக்கி ஒரு போர் போட்டு, தார்ப்பாயால் மூடி வைத்தேன். அளவு எடுக்கும் நாளில் மட்டும்தான் அதைத் தொட வேண்டும். ஆட்கள் அதற்கு மீட்டர் சக்கை என்று பெயர் வைத்தார்கள். அந்த நாள்களில் டயர் துண்டுகள் மாட்டுத் தீவன அறைக்குள் போய்விடும். அடுப்பு கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி எரியும். மற்ற நாள்களில் தம்பி டயரை வெட்டிக்கொண்டே கேட்பான்:

"மீட்டர் சக்கையில ஒரு கை எடுத்துக்கட்டுமாக்கா? இன்னிக்கு நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். வர்ற வாரம் அந்தப் பொண்ணு வருது."

அவன் சிரித்துக்கொண்டு டயருக்கே போய்விடுவான். இரண்டு பருவத்தில் பன்னிரண்டு நாள் அளந்தாள். பன்னிரண்டு நாளும் காகிதம் லேசாகச் சாம்பல் பூத்ததோடு சரி. மற்ற பத்துக் கொட்டகைக்காரர்களும் என்னிடம் யோசனை கேட்டு அதே போலப் போர் போட்டுக்கொண்டார்கள். நான்தானே செயலாளர்.

இரண்டாவது பருவம் முடிவதற்குள் தம்பிக்கு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. மூச்சை இழுக்கும்போது உள்ளே காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம். மீட்டரம்மா அவனை ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, முகம் மாறி, உடனே கூட்டாளி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே படம் எடுத்த மருத்துவர் நுரையீரல் கெட்டிப்பட்டுவிட்டது என்றார். இனி அடுப்புப் பக்கமே போகக் கூடாது, படுக்கையும் ஆக்சிஜனும் வேண்டும், சீக்கிரம் சேர்த்தால் இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்றார். புகையால் வந்த நோய் என்று ஆராய்ச்சிக் குழு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்களாம்.

குழுவின் பதில் செயலாளர் என்ற முறையில் எனக்கே வந்தது. கொட்டகை வாசலில் நின்றபடி பிரித்தேன். பன்னிரண்டு நாள் அளவும் அனுமதித்த வரம்புக்குள் இருப்பதால், இந்தத் தொழிலாளியின் நோய்க்கும் அவர் தொழிலுக்கும் தொடர்பு இருப்பதாகக் கருத இடமில்லை என்று எழுதியிருந்தது. பீடி, சிகரெட் போன்ற பிற காரணங்களை ஆராயலாமாம். என் தம்பி பீடி நாற்றம் வந்தால் பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிறவன்.

கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். அவன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகு நேரம் ஆயிற்று.

"நம்ம மீட்டர் சக்கை நல்லாத்தான் வேலை செஞ்சிருக்குக்கா" என்றான்.

அவன் பெண்டாட்டி தையல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தோளில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அண்ணி, நீங்க நடந்ததை எழுதிக் கொடுத்தா மாத்துவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மீட்டரம்மாவின் அறை ஒரு நீளமான தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. எங்கள் காகித வட்டங்களைச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு, தேதி ஒட்டி, அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாள்?"

"பன்னிரண்டு நாளும்."

"மத்த கொட்டகைங்க?"

"அங்கயும் அப்படித்தான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

இரண்டு வருட உழைப்பு அந்த அலமாரியில் இருந்தது. அவள் கத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. "நான் போன் பண்ணிட்டு வந்திருக்கக் கூடாது" என்றாள். எனக்கு அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. அடுத்தவர் தப்பையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மனுஷர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் எதிரில் நாம் இன்னும் சின்னவர்களாகிப் போகிறோம்.

பேராசிரியர் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயம். அளவு பொய் என்று எங்கள் வாய் வார்த்தையை வைத்து அறிக்கையை மாற்ற முடியாது, புது அளவு வேண்டும் என்றார். ஒரு கொட்டகையிலாவது, உண்மையில் எரிப்பதை எரித்து, எட்டு மணி நேரம் முழுதாக அளந்து காட்ட வேண்டும். அதோடு சங்கமும் ஒரு கடிதம் தர வேண்டும்.

சங்கத்தைக் கூட்டினேன். பெரிய கொப்பரை கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"உன் தம்பி ஒருத்தனுக்காகப் பதினோரு அடுப்பையும் அணைக்கச் சொல்றியாம்மா?"

"அணைக்க மாட்டாங்க. புது அடுப்பு கட்டித் தருவாங்க."

"இதையே நான் அன்னிக்குச் சொன்னேன். நீதான் அதெல்லாம் நம்பாதீங்கன்னு சொன்னே. எங்க எல்லாருக்கும் போர் போட யோசனை சொன்னதும் நீதான். இப்ப மாத்திப் பேசினா எப்படி?"

அவர் அப்படிச் சொன்னாரா என்று நினைவில்லை, சொல்லியிருக்கலாம். கடைசியில், என் கொட்டகையில் வேண்டுமானால் அளந்துகொள்ளலாம், சங்கத்தை இதில் இழுக்கக் கூடாது என்று முடிந்தது. பேராசிரியர் கடிதம் இல்லாமலே ஒத்துக்கொண்டார். மீட்டரம்மா கெஞ்சியிருப்பாள்.

அவள் கருவியை என்னிடம் கொடுத்து, எங்கே அமுக்க வேண்டும், எப்படிக் குத்த வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். தான் பக்கத்தில் நின்றால் மறுபடியும் சந்தேகம் வரும், எட்டு மணி நேரம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். "நல்லா இருக்கற ஆள்தான் இதைக் கட்டிக்கணும். உங்க தம்பி அந்தப் பக்கமே வரக் கூடாது. வந்தா அந்த அளவை நான் எடுத்துக்க மாட்டேன்." நான் தலையாட்டினேன். அப்போது மனதாரத்தான் தலையாட்டினேன்.

தம்பி படுத்த பிறகு வேறொருவரை அடுப்புக்கு வைத்திருந்தேன். அன்று காலை ஆறரைக்கு அவர் வரவில்லை. ஆளனுப்பினேன். மீட்டரைக் கட்டிக்கொண்டால் இனி எந்தக் கொட்டகையிலும் வேலை கிடையாது என்று பெரிய கொப்பரை சொல்லிவிட்டாராம். கரும்பு வந்து இறங்கியாகிவிட்டது. முதல் கொப்பரைக்குச் சாறும் பிழிந்தாகிவிட்டது. நான் மோட்டாரை இடுப்பில் கட்டிக்கொண்டு, குழாயைக் காலரில் குத்திக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். ஏழு மணி.

நாற்பது வருடம் அந்த அடுப்பை மேலிருந்து பார்த்தவள் நான். கீழிருந்து பார்ப்பது வேறு. டயர் துண்டைத் தள்ளினேன், ஈரச் சக்கையைத் தள்ளினேன். புகை சுருண்டு வந்து முகத்தில் அடித்தது. அது நாக்கில் ஒட்டுகிறது, பல்லில் ஒட்டுகிறது, கண்ணை மூடினாலும் உள்ளே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மூக்கிலிருந்து கறுப்பாக வந்தது. இதில்தான் அவன் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தான். நான் மேலே நின்று, ஏண்டா சுணங்கறே என்று அவனை ஏசியிருக்கிறேன்.

முதல் கொப்பரை எப்படியோ பாகாகி இறங்கிவிட்டது. இரண்டாவதில் சிக்கல் வந்தது. எவ்வளவு சக்கைக்கு எவ்வளவு டயர், எப்போது கிளற வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. அதிகமாகத் திணித்து அடுப்பின் வாயை அடைத்துவிட்டேன். மேலே பாகு கிளறுகிறவர் குனிந்து பார்த்தார்.

"தீ இறங்குதும்மா. இப்ப இறங்கினா பாகு கட்டியே ஆகாது. மூணாவதுக்கும் சாறு பிழிஞ்சாச்சு."

நான் ஊதினேன், கிளறினேன், இருமி இருமிக் குடல் வாய்க்கு வந்தது. அப்போது மேலே நிழல் விழுந்தது. தம்பி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீடு இரண்டு தெரு தள்ளி. அவ்வளவு தூரம் நடக்க அவனுக்கு அரை மணி ஆகியிருக்கும்.

"வீட்டு ஜன்னல்லேர்ந்து புகைபோக்கியைப் பார்த்தேன். மஞ்சளா வருது. அடைச்சிட்டியா?"

"நீ போ. உன்னை வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"போறேன். நீ மேல வா முதல்ல."

அவன் இறங்கினான். கழியை வாங்கி இரண்டு குத்து குத்தினான், உள்ளே எதையோ புரட்டினான், ஒரு கை சக்கையை ஓரமாக வீசினான். அடுப்பு மூச்சு விட்டு எழுந்தது. எனக்கு மூன்று மணி நேரம் தண்ணி காட்டிய அடுப்பு.

"சரி, எரியுது. நீ கிளம்பு" என்றேன்.

"நீ போட்டா பத்து நிமிஷத்துல மறுபடி அணைப்பே. அணைஞ்சா அளவும் வராது, வெல்லமும் வராது." அவன் கை என் காலருக்கு வந்தது. குழாயைப் பிடுங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டான். மோட்டாரையும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டான். "இருபத்தஞ்சு வருஷம் சும்மாவே குடிச்சேன். இன்னிக்கு ஒரு நாள் அளந்து குடிக்கிறேன். என்னாயிடப் போகுது?"

நான் அவனைப் பிடித்து மேலே இழுத்திருக்கலாம். இளைத்துப்போய்க் குழந்தை கனம்தான் இருந்தான். மேலே இரண்டு ஆட்கள் நின்றார்கள், ஒரு குரல் கொடுத்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அடுப்பை அணையவிட்டு, இரண்டு கொப்பரைச் சாற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, இன்னொரு நாள் அளந்துகொள்கிறோம் என்று மீட்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவள் சரி என்றிருப்பாள். எல்லாம் அப்போதே தெரியும். நான் மேலே ஏறி வந்து பாகைப் பார்த்தேன். நுரை நன்றாகக் கட்டி வந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கரும்பு நல்ல கரும்பு.

அப்போது மணி பத்தே முக்கால். மூன்று மணி வரை அவன் பள்ளத்தில் இருந்தான். நடுவில் நாலைந்து தடவை ஏறி வந்து தூணில் சாய்ந்து நின்றான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் போதும்டா என்றேன், ஒவ்வொரு தடவையும் அவன் இறங்கினான், ஒவ்வொரு தடவையும் நான் விட்டேன். மூன்று கொப்பரையும் இறங்கின.

காகித வட்டம் கரி பூசிய மாதிரி இருந்தது. விரல் பட்டால் ஒட்டியது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் தேறியவன் போலத் தலையாட்டினான். தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்தபடியே குளித்தான், நான்தான் ஊற்றினேன். "கம்பெனிலேர்ந்து அவ வந்தா சொல்லிடாதேக்கா. வீட்டுலயே படுத்திருந்தேன்னு சொல்லிக்கறேன்" என்றான். அவனை வண்டியில் அனுப்பிவிட்டு வந்து, கருவியோடு கொடுத்திருந்த தாளை நிரப்பினேன். என்ன எரித்தோம் என்ற இடத்தில் உண்மையை எழுதினேன். அணிந்தவர் யார், எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு எட்டு என்று எழுதினேன். மீட்டரம்மா வந்து, என் முகத்தில் இருந்த கரியைப் பார்த்துவிட்டு, அப்படியே நம்பினாள். "ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்கம்மா" என்றாள்.

அளவு வரம்பைப் போல ஒன்பது மடங்கு வந்தது. குழு ஒரே வாரத்தில் கடிதத்தை மாற்றி எழுதியது. எட்டாம் நாள் தம்பிக்குப் படுக்கை கிடைத்தது, ஆக்சிஜன் கிடைத்தது, ஜன்னலோரம் கிடைத்தது. அதற்குள் அவனுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. ஏன் இவ்வளவு வேகமாக மோசமானது என்று மருத்துவருக்குப் புரியவில்லை. சமீபத்தில் புகைப் பக்கம் போனாரா என்று கேட்டார். அவன் பெண்டாட்டி, வீட்டை விட்டு எங்கும் போகவில்லை என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். சேர்த்த ஐந்தாம் நாள் மதியம் அவன் போய்விட்டான்.

அடுத்த பருவத்துக்கு முன் புது அடுப்பு கட்ட ஆட்கள் வந்தார்கள். முதலில் எங்கள் கொட்டகை, பிறகு மற்ற பத்து. பெரிய கொப்பரை என்னிடம் வந்து, நல்ல காரியம் பண்ணினாய் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மீட்டரம்மா அச்சடித்த அறிக்கையில் இரண்டு பிரதி கொண்டுவந்தாள், எனக்கு ஒன்று, தம்பி வீட்டுக்கு ஒன்று.

அன்று மாலை தம்பி பெண்டாட்டி கொட்டகைக்கு வந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். அறிக்கையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினாள். உரிமையாளரே முன்வந்து எட்டு மணி நேரம் அடுப்பில் நின்று கருவியை அணிந்தார் என்றும், அவருக்குக் குழு கடமைப்பட்டுள்ளது என்றும் அதில் போட்டிருந்தது.

"எனக்கு உங்க மேல உள்ளுக்குள்ள கோபம் இருந்துச்சு அண்ணி. பொய் சொல்ல மாட்டேன். டயர், சக்கை எல்லாத்தையும் நினைச்சு நினைச்சு எரிஞ்சுக்கிட்டிருந்தேன். இதைப் படிச்சதும் அது போயிடுச்சு. அவருக்காக நீங்க அந்தப் பள்ளத்துல நின்னிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லலியே."

அவள் என் கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் காய்த்த விரல்கள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"நான் மூணே முக்கால் மணி நேரம்தான் நின்னேன். மீதி அவன் நின்னான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புது அடுப்புக்கு அடுக்கியிருந்த செங்கல் மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"வந்தாரா? அவரா நடந்து வந்தாரா?"

"வந்தான். குழாயைப் பிடுங்கிக் கட்டிக்கிட்டான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மேலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"ஏன் அண்ணி விட்டீங்க?"

இதற்கு ஆயிரம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் பிடிவாதம், அளவு வேண்டுமே என்ற அவசரம், அவன் நன்மைக்குத்தானே என்ற நினைப்பு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொப்பரையில சாறு இருந்துச்சு" என்றேன்.

அவள் அழவில்லை. அறிக்கையை மறுபடி மடித்தாள். மடிப்பு நேராக வரவில்லை, பிரித்து இன்னொரு தடவை மடித்தாள்.

"அந்த வெல்லம் என்னாச்சு?"

"நல்லா வந்துச்சு" என்றேன். "மறுநாளே வித்துட்டேன்."